கடல் கடந்து வந்த நீலப் பொறிவண்டு

பொறிவண்டு என்ற சொல்லைக் கேட்டதும், செம்மஞ்சள் முதுகில் கரும்புள்ளிகள் இட்ட ஒரு சிற்றுயிர் நம் மனக்கண்முன் தோன்றுகிறது. பொறி என்பதற்குப் புள்ளி என்பதும் ஒரு பொருள். பெயர் அதனால் வந்தது. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வண்டின் முதுகில் ஒரு புள்ளியேனும் இல்லை. நிழலில் அது கறுப்பாகத் தோன்றும். வெயில் பட்டால் தீட்டிய எஃகைப் போல் நீலமாக மின்னும். பொறியே இல்லாத இதனையும் பொறிவண்டு என்றே நாம் அழைக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டோர்க்கு இத்தகைய சங்கடங்கள் புதியன அல்ல. இலத்தீன் பெயரோ இவ்விடரில் சிக்கவில்லை. குரினஸ் சீருலியஸ் என்பது அப்பெயர். சீருலியஸ் என்றால் நீலமானது என்று பொருள். முல்சான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1850ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார்.

இதன் தாயகம் மெக்சிகோ முதலிய வெப்ப அமெரிக்க நாடுகள். அங்கிருந்து 1922இல் தென்னையைத் தாக்கும் மாவுப்பூச்சியை ஒடுக்குவதற்காக ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர்த் தென்கிழக்காசிய நாடுகள் சிலவற்றுக்கு வந்தது. தாய்லாந்திலிருந்து 1988இல் நம் நாட்டின் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. காற்றில் மிதந்தோ, கப்பற் சரக்கில் ஒளிந்தோ வந்ததன்று. அறிவியலார் வேண்டி வரவழைத்த விருந்து. விருந்தை ஏன் அழைத்தனர் என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் ஒரு மரத்தைப் பற்றியும், அம்மரத்தின் பகைவனைப் பற்றியும் அறிய வேண்டும்.

அந்த மரம் மும்பைப் பகுதித் தமிழர்களுக்கு நன்கு தெரிந்ததே. டோம்பிவிலியில் இருப்புப்பாதையின் ஓரத்திலும், தொழிற்பேட்டையின் காலிமனைகளிலும், சாக்கடைக் கரைகளிலும் யாரும் நடாமலே தழைத்து நிற்பதைக் காணலாம். தூவல்போன்ற சிற்றிலைகள், வெண்ணிறப் பந்துபோன்ற பூக்கள், கொத்துக் கொத்தாகத் தொங்கிப் பழுப்பேறிச் சலசலக்கும் தட்டைக் காய்கள் ஆகியன அதன் அடையாளம். மராட்டியர் அதனைச் சுபாபூள் என்பர். நம் ஊர்ப்பக்கத்தில் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் பெயர். ஆட்டுக்குத் தழை ஒடித்த அனுபவமுடைய நேயர்கள் இதனை மறந்திருக்க மாட்டார்கள். இதுவும் மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து வந்ததே. விரைந்து வளரும், விறகு தரும், கால்நடைக்குத் தீவனமாகும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். புணேக்கு அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் 1967இல் நிறுவிய பைஃப் என்னும் தொண்டு நிறுவனம், 1970களில் இதன் ஹவாய் வகையை நாடெங்கும் பரப்ப முன்னின்றது. அந்நாளில் இதனை அதிசய மரம் என்றே பலர் பேசினர்.

அதிசயம் நெடுநாள் நீடிக்கவில்லை. மரத்தின் தாயகத்திலேயே அதன் பகைவனும் இருந்தது. சிலிட் என்னும் இனத்தைச் சேர்ந்த அப்பூச்சி, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தையும் எட்டாதது, இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தது, தொட்டால் தத்தும். கூட்டங்கூட்டமாகத் தளிரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியது போக மிஞ்சிய இனிப்பைப் பிசுபிசுப்பாகக் கழித்துவிடும். அப்பிசுக்கில் கரிபோன்ற பூசணம் படரும். தளிர் சுருண்டு கருகும். தாக்குதல் மிகின் மரம் மொட்டையாகும். இப்பூச்சி 1983இல் புளோரிடாவில் காணப்பட்டது. 1984இல் ஹவாயை அடைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிலிப்பைன்ஸையும் இந்தோனேசியாவையும் பற்றியது. 1988இல் தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. பாதி உலகைச் சுற்றிவர அதற்கு ஐந்தாண்டுகள் போதுமானதாயிற்று. தீவனத்துக்கும் விறகுக்கும் இம்மரத்தை நம்பிய சிறு உழவர்களின் நிலை என்னாயிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. வானளாவ வளரும் மரங்களுக்கு மருந்து தெளிப்பதும் இயலாத காரியம்.

எனவே ஆய்வாளர் பழைய வழி ஒன்றை நாடினர். பகைவனின் தாயகத்தில் அதனை உண்ணும் உயிர் எது என்று தேடி, அதனை வரவழைப்பதே அவ்வழி. 1888இல் ஆல்பர்ட் கீபலே என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிவப்புப் பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த பஞ்சுச் செதில் பூச்சியை ஒடுக்கச் செய்தது இக்கலையின் புகழ்பெற்ற தொடக்கம். நம் நாடும் பின்தங்கவில்லை. 1898இலேயே காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதில் பூச்சியை அடக்க ஆஸ்திரேலியப் பொறிவண்டாகிய கிரிப்டோலீமஸ் இங்கு இறக்கப்பட்டது. காப்பியைக் காக்க வந்த அவ்வண்டு, மாவுப்பூச்சியையே பெரிதும் விரும்பி உண்டு, அத்தொழிலில் இன்றுவரை இங்கு நிலைத்திருக்கிறது. ஆக, 1988இல் தாய்லாந்திலிருந்து வந்த நீல வண்டு இவ்வரிசையில் ஒன்றே. பெங்களூரில் வளர்த்துச் சவுண்டல் மரங்களில் விடப்பட்டது. அங்கேயே இனம்பெருக்கி நிலைபெற்றது.

இனி, அதனை அடையாளம் காணும் வகையைக் கூறுவோம். துவரம்பருப்பின் ஒரு பாதியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வடிவினது இவ்வண்டு. நீளம் நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர். மேலே நன்கு குவிந்தும் அடியில் தட்டையாகவும் இருக்கும்; மேலிருந்து நோக்கினால் ஏறக்குறைய வட்டமாகத் தோன்றும். முதுகை மூடும் சிறகுறைகள் இரண்டும் ஒரே கருநீலம். அவற்றில் மயிரில்லை, வழுவழுப்பும் பளபளப்பும் உண்டு. தலைக்கும் சிறகுறைக்கும் இடையே கழுத்துப்பட்டைபோல் அமைந்த பகுதியில், இடப்பக்க ஓரத்திலும் வலப்பக்க ஓரத்திலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொரு திட்டு இருக்கும். நீலமுதுகும் இவ்விரு திட்டுகளும் சேர்ந்தே இதன் முத்திரை. ஒன்றை மட்டும் கண்டு முடிவுகட்டலாகாது. வண்டு அஞ்சும்போது தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு இலையோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வேளையில் திட்டுகள் எளிதில் கண்ணுக்குப் படா. சற்றுப் பொறுத்திருந்தால் தானே நடக்கத் தொடங்கும்.

நிறத்தைச் சோதிக்க வெயில் இன்றியமையாதது. குழல்விளக்கின் கீழ் நீலமும் கறுப்பும் ஒன்றே. கைப்பேசியின் படக்கருவியால் மேலிருந்து ஒன்று, முன்பக்கமிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கைக்கண்ணாடி இல்லாத குறை தெரியாது.

இதனோடு குழப்பத்தக்க வண்டுகளில் முதலில் கூறத்தக்கது நம் நாட்டு வண்டே. கைலோகோரஸ் நைக்ரிட்டா என்னும் கரும்பொறிவண்டு அது. வடிவிலும் பளபளப்பிலும் நீல வண்டுக்கு உறவினன். உண்மையிலேயே இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஆனால் இது வெயிலிலும் கறுப்பாகவே நிற்கும், நீலம் காட்டாது. தலையும் கழுத்துப்பட்டையின் ஓரங்களும் செம்மஞ்சளாக இருக்கும். தென்னை, கரும்பு முதலியவற்றில் ஒட்டும் செதில் பூச்சிகளை உண்ணும் பெருந்தொண்டன் இவ்வண்டு. இதனையும் பிற நாட்டார் விட்டுவைக்கவில்லை. 1930களின் இறுதியில் செஷல்ஸ் தீவுகளின் தென்னைகளைக் காக்க இது கடல் கடந்து அனுப்பப்பட்டது. நாம் இறக்குமதியே செய்தோம் என்று எண்ணுவோர்க்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

அடுத்தது, இலை தின்னும் நீல வண்டுகள். எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன், "மாமா, பொன்வண்டுக் குட்டி!" என்று கூவியபடி தீப்பெட்டியில் ஒரு நீல வண்டைக் கொண்டுவந்தான். ஊரில் தன் தாத்தா தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த கதையை அவன் கேட்டிருக்கிறான் போலும். பெட்டியைத் திறந்ததும் வண்டு தெறித்துப் பாய்ந்து சன்னலுக்கு வெளியே மறைந்தது. அப்பாய்ச்சலே அதன் அடையாளத்தைச் சொல்லிவிட்டது. தத்துவண்டு எனத்தக்க அவ்வகையின் பின்தொடைகள் தடித்தவை, அதனால் பாயும். உடல் வட்டமாக இராது, சற்று நீண்டிருக்கும். உணர்கொம்புகளும் நீளமானவை, பொறிவண்டின் உணர்கொம்புகளோ மிகக் குட்டையாய்த் தலைக்கடியில் மறையத்தக்கவை. பொறிவண்டு பாயாது, நடக்கும், அல்லது பறக்கும். பொன்வண்டின் குட்டி என்ற கருத்தை மட்டும் அச்சிறுவனிடம் திருத்த வேண்டியிருந்தது. வண்டுகள் கூட்டுப்புழுவினின்று வெளிவந்த பின் வளர்வதில்லை. சிறிய வண்டு என்றும் சிறிய வண்டே.

பொறிவண்டுக் குடும்பத்திலும் எல்லாரும் நல்லவரல்லர். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டு இக்குடும்பத்ததே. அதன் முதுகு செம்பழுப்பு. இருபத்தெட்டுப் புள்ளிகள் வரை இருக்கும். மேலே மெல்லிய மயிர் படர்ந்திருப்பதால் பளபளப்பின்றி மங்கித் தோன்றும். மயிருள்ளவையெல்லாம் தீயவை என்று இதிலிருந்து விதி செய்துவிடலாகாது. நன்மை செய்யும் சிறு பொறிவண்டுகள் சிலவற்றுக்கும் மயிருண்டு. அது நிற்பது எவ்விடம், அதன் வாய் மொய்ப்பது இலையையா பூச்சியையா என்பதை ஐந்து நிமிடம் பார்த்திருப்பதே சிறந்த சோதனை.

வண்டை அடையாளம் காண்பது எளிது. அதன் புழுவை அடையாளம் காண்பதில்தான் பெருந்தவறுகள் நேர்கின்றன. பொறிவண்டின் புழு வண்டைப்போல் அழகாயிராது. நீல வண்டின் புழுவுக்கு உடலெங்கும் கிளைவிட்ட முட்கள். பார்ப்போர் கம்பளிப்பூச்சி என்று ஒதுங்குவர், அல்லது நசுக்குவர். கிரிப்டோலீமஸின் புழுவோ வெள்ளை மெழுகிழைகளைப் போர்த்திக்கொண்டு, தான் உண்ணும் மாவுப்பூச்சியைப் போலவே வேடம் பூண்டிருக்கும். மாடத்தில் செம்பருத்தி வளர்க்கும் இல்லத்தரசியர், மாவுப்பூச்சியைத் துடைத்தெறியும்போது அதனை விழுங்கிக்கொண்டிருக்கும் காவலனையும் சேர்த்தே துடைத்தெறிகின்றனர். வேறுபாடு இதுதான்: மாவுப்பூச்சி ஒரே இடத்தில் அப்பிக்கிடக்கும், தொட்டால் மெல்ல நகரும். புழு அதனைவிடப் பெரிதாக வளரும், விரைந்து ஊரும், கூட்டத்தின் நடுவே மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு புழு வண்டாகும் முன் உண்ணும் பூச்சிகளின் தொகை சிறிதன்று. அப்புழுவைக் கொன்றபின் அடுத்த வாரம் மாவுப்பூச்சி இரட்டிப்பாக வருவதும், கடைக்குச் சென்று நஞ்சு வாங்கித் தெளிப்பதும், அந்நஞ்சு எஞ்சிய காவலரையும் அழிப்பதும் நகர மாடங்களில் நாம் நாள்தோறும் காணும் காட்சி.

அடையாளப் பிழையால் எவ்வளவு நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. சாயம் தரும் கொச்சினில் பூச்சியை இந்தியாவில் வளர்த்து ஸ்பானியரின் வாணிகத்தோடு போட்டியிடக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. அதற்கென 1795இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. வந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று. அதற்கு உறவான மற்றோர் இனம். சாயம் மட்டமாயிற்று, வாணிகம் கெட்டது. ஆயினும் அப்பூச்சி, இங்குப் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியின் ஒரு வகையைத் தின்று அழித்தது. களையைப் பூச்சியால் ஒழிக்கலாம் என்ற உண்மையை உலகுக்கு முதன்முதலாகக் காட்டிய நிகழ்ச்சி இதுவே. வேறொரு கள்ளிவகை தமிழகத்தில் நிலங்களை அடைத்துக்கொண்டு நின்றது. அதனை இப்பூச்சி தொடவில்லை. அதற்குரிய இனத்தைத் தேர்ந்து 1926இல் இலங்கை வழியாக வரவழைத்த பின்னரே அக்கள்ளிக்காடுகள் அழிந்தன. கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும் இரு பூச்சிகள். ஒன்று தொடாததை மற்றொன்று தின்று தீர்த்தது. இங்குப் பிழை தற்செயலாய் நன்மையில் முடிந்தது. எப்போதும் அவ்வாறு முடியும் என்பதற்கு உறுதியில்லை.

உறுதியின்மைக்கும் சான்று பொறிவண்டுகளிலேயே இருக்கிறது. நம் நாட்டுக்கு நீல வண்டு வந்த அதே 1988இல், அமெரிக்காவின் லூசியானாவில், பல நிற ஆசியப் பொறிவண்டு நிலைபெற்றுவிட்டது கண்டறியப்பட்டது. அதுவும் செடிப்பேன்களை உண்பதற்கென அமெரிக்காவில் பலமுறை விடப்பட்டதே. செடிப்பேன்களை உண்டது, அதனோடு நில்லாமல் உள்நாட்டுப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் உண்டது, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குள் புகுந்து மக்களுக்குத் தொல்லையாயிற்று. ஐரோப்பாவிலும் பரவி 2004இல் பிரிட்டனை அடைந்தது. விட்ட வண்டைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது. ஆதலின்தான், வெளிநாட்டுப் பூச்சி எதனையும் நம் நாட்டுக்குள் கொண்டுவர அரசின் அனுமதியும், தனிமையில் வைத்துச் சோதித்தலும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இதற்கு அடிப்படையான சட்டத்தின் பெயர் அழிவு செய்யும் பூச்சிகள், பீடைகள் சட்டம், 1914 என்பது; இறக்குமதிக்கான விரிவான ஆணை 2003இல் பிறந்தது. ஆக்கம் செய்யும் பூச்சியும் அழிவு செய்யும் பூச்சிக்குரிய வாயிலின் வழியாகவே நுழைய வேண்டியிருக்கிறது. சட்டங்களின் பெயர்களோடு பழகிய நமக்கு இது சிறிது நகைப்பைத் தந்தாலும், ஏற்பாடு முறையானதே.

நம் நீல வண்டு இத்தகைய தொல்லை எதற்கும் பெயர் வாங்கவில்லை. ஆனால் அதற்கு அளிக்கப்பட்ட புகழ் முழுவதும் அதற்கே உரியதும் அன்று. அது விரைந்து பெருகும் இனமன்று. சிலிட் பூச்சியோ வெகு விரைவில் பெருகுவது. நம் நாட்டுக் கோடை வெப்பம் அப்பூச்சியைத் தானாகவே ஒடுக்குகிறது; இங்கேயே பிறந்த ஆறுபுள்ளிப் பொறிவண்டு முதலியனவும் அதனை உண்கின்றன. நீல வண்டு இக்கூட்டத்தில் ஒரு துணைவன் என்று கொள்வதே நேர்மை. இன்னொரு முரணும் உண்டு. அது காக்க வந்த சவுண்டல் மரம், உலகின் மிகத் தீங்கான நூறு படையெடுப்பு உயிரினங்களின் பட்டியலில் இன்று இடம்பெற்றிருக்கிறது. இருப்புப்பாதை ஓரத்தில் வேறெந்தச் செடியையும் முளைக்கவிடாமல் அது அடர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, அதன் பகைவனிடமே நமக்கு ஓரளவு பரிவு தோன்றுகிறது. ஆட்டுக்கு அத்தழையை நம்பிய உழவனோ இதற்கு உடன்படமாட்டான்.

மாடத்தில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இதில் நேரடியான ஆர்வம் உண்டு. எலுமிச்சை இனத்தைத் தாக்கும் ஆசியச் சிலிட் பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் வாழ்வது. புளோரிடாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் அப்பூச்சியை நீல வண்டு உண்பது ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளது. தொட்டிச் செடியில் தளிர் சுருண்டு பிசுக்கேறினால், முதலில் எறும்புகளைக் கவனிக்க வேண்டும். இனிப்புப் பிசுக்குக்காக மாவுப்பூச்சி முதலியவற்றைக் காவல் காத்துப் பொறிவண்டுகளை விரட்டுவன அவையே. தொட்டியை ஒரு நீர்த்தட்டின் நடுவே கல்மேல் வைத்தால் எறும்பின் வழி அடைபடும். பின்னர்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சித் தளிரைக் கழுவலாம். கழுவுமுன் அதில் முட்புழுவோ, வெள்ளிழைப் புழுவோ, வண்டோ இருப்பின் அருகிலுள்ள கிளைக்கு மாற்றிவிட வேண்டும். சமையலுக்குப் பறிக்கும் இலையின்மேல் நஞ்சு தெளிப்பதைப் பற்றித் தனியே கூறவேண்டுமோ?

தேடத் தக்க காலம் மழை ஓய்ந்து தளிர் விடும் புரட்டாசி முதல், பனி விலகும் மாசி வரை. சவுண்டலின் நுனித் தளிரை உள்ளங்கையின்மேல் தட்டினால் சிலிட் பூச்சிகள் தத்துவதைக் காணலாம். அவை மிகுந்த கிளைகளில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீல முதுகும் ஆரஞ்சுத் திட்டும் உடைய வண்டைக் காண்போர், அதனைப் பிடிக்காமல், படம், நாள், இடம், செடியின் பெயர் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்வாராக. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இத்தகைய வண்டுகளைப் பற்றி ஆராயும் மைய அரசு நிறுவனம். டோம்பிவிலி அடங்கிய கொங்கணப் பகுதிக்குரிய வேளாண் பல்கலைக்கழகம் தாபோலியில் இருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் பகுதி வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையை அணுகலாம். படம் தெளிவாயிருப்பின், கழுத்துப்பட்டையின் அவ்விரு திட்டுகளைக் கொண்டே அவர்கள் விடை கூறிவிடுவர்.